ஒரே வரிசையில் மூன்று 'மூன்றாம் பாகங்கள்': 'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' ஏன் ஏமாற்றியது?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி பயமுறுத்துகிற செய்தி எது வந்தாலும், பெங்களூர் ஐடி ஆபீஸ்களின் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அர்னால்டின் சிவப்புக் கண் படம் வந்து விழுந்துவிடும். அப்புறம் பேச்சு டெர்மினேட்டர் படங்களுக்குத் தாவும். உடனே குழப்பம். பிரிகேட் ரோடு தியேட்டர்களில் ஆங்கிலத்தில் பார்த்து வளர்ந்தவர் ஒரு வரிசை சொல்வார். டிவியில் தமிழ் டப்பிங்கில் முன்னும் பின்னுமாகப் பார்த்தவர் வேறொரு வரிசை சொல்வார். 2019-ல் வந்த 'டார்க் ஃபேட்' ஆறாவது படமா, மூன்றாவது படமா? மனிதர்களைக் கொல்ல டெர்மினேட்டர்களை அனுப்பும் கணினியான ஸ்கைநெட் அழிந்துவிட்டதா இல்லையா? அதை எதிர்த்துப் பிற்காலத்தில் மனிதர்களை வழிநடத்தப்போகிற, சாரா கானரின் மகன் ஜான் கானர் உயிரோடு இருக்கிறானா? முதல் இரண்டு படங்களை இயக்கிய கேமரூனும் சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனும் திரும்பி வந்தும் படம் ஏன் படுத்தது?

இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அதனால் அடிப்படையிலிருந்தே வரலாம்.

முதலில் வரிசை

1. தி டெர்மினேட்டர் (1984). ஜேம்ஸ் கேமரூன் இயக்கம், கேல் ஆன் ஹர்ட் தயாரிப்பு. செலவு சுமார் 64 லட்சம் டாலர், உலக வசூல் 7.8 கோடி டாலருக்குப் பக்கம்.
2. டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே (1991). மறுபடி கேமரூன். செலவு 10 கோடி டாலரைத் தொட்டது, வசூல் 52 கோடி. நான்கு ஆஸ்கர்.
3. டெர்மினேட்டர் 3: ரைஸ் ஆஃப் தி மெஷின்ஸ் (2003). ஜோனதன் மோஸ்டோ. கேமரூன் இல்லை.
4. டெர்மினேட்டர் சால்வேஷன் (2009). மெக்ஜி இயக்கம், கிறிஸ்டியன் பேல் நாயகன். எதிர்காலப் போர் நடக்கும் காலத்திலேயே முழுக் கதையும்.
5. டெர்மினேட்டர் ஜெனிசிஸ் (2015). ஆலன் டெய்லர். முதல் படம் நடந்த 1984-க்கே திரும்பிப் போய் எல்லாவற்றையும் கலைத்துப்போட்ட படம்.
6. டெர்மினேட்டர்: டார்க் ஃபேட் (2019). டிம் மில்லர் இயக்கம், கேமரூன் தயாரிப்பாளர்களில் ஒருவர். கதையிலும் அவர் பங்கு உண்டு.

இவை போக 2008-09-ல் சாரா கானரை வைத்து ஒரு டிவி தொடர், 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் ஒரு அனிமே தொடர். இரண்டும் தனித்தனிக் காலக்கோடு.

இதில் மூன்றாம் பாகம் எது? 2003-ல் வந்த படத்தின் பெயரிலேயே 3 இருக்கிறது. 2015-ல் ஜெனிசிஸ் விளம்பரத்துக்காகக் கேமரூன் பேசும்போது, தன் மனதில் இதுதான் மூன்றாவது படம் என்ற பொருளில் பாராட்டினார். 2019-ல் அவரே சேர்ந்து எடுத்த டார்க் ஃபேட், நடுவில் வந்த மூன்றையும் இல்லையென்று வைத்துவிட்டு இரண்டாம் பாகத்திலிருந்து நேராகத் தொடர்ந்தது. ஆக மூன்றாம் பாகம் என்று சொல்லிக்கொள்ள மூன்று படங்கள் இருக்கின்றன. படம் பார்க்கிறவர் குழம்பினால் அது அவர் தப்பில்லை.

கால விளையாட்டில் இரண்டு விதிகள்

காலப் பயணக் கதை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்று, மூடிய வட்டம். இறந்த காலத்துக்குப் போய் நீ என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததுதான், எதையும் மாற்ற முடியாது. இன்னொன்று, கிளை பிரிவது. நீ போய் ஒன்றை மாற்றினால் அங்கிருந்து வேறொரு எதிர்காலம் பிறக்கும்.

1984 படம் சுத்தமான மூடிய வட்டம். எதிர்காலத்திலிருந்து சாராவைக் காப்பாற்ற வரும் கைல் ரீஸ் அவளுடைய ஒரு போட்டோவை வைத்திருந்தவன், அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவளைக் காதலித்தவன். அந்த போட்டோ எப்போது எடுக்கப்பட்டது என்பது கடைசிக் காட்சியில்தான் தெரியும். கைல் செத்துப்போன பிறகு, அவனுடைய பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு சாரா மெக்சிகோவில் ஒரு பெட்ரோல் பங்கில் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சின்னப் பையன் போலராய்ட் கேமராவில் கிளிக் செய்து அவளிடம் காசு கேட்கிறான். அவ்வளவுதான், வட்டம் மூடிவிட்டது. போட்டோவில் அவள் முகத்தில் இருக்கிற சோகம் கைலை நினைத்து வந்தது. அந்த முகத்துக்காகத்தான் கைல் காலம் தாண்டி வந்தான். ஒரே ஒரு போட்டோவில் முழு விதியையும் இப்படி விளக்கிவிட்ட காட்சி இந்த வரிசையில் வேறு கிடையாது.

இரண்டாம் பாகம் இதை உடைத்தது. நொறுங்கிப்போன முதல் டெர்மினேட்டரின் சிப்பும் கையும் சைபர்டைன் கம்பெனியிடம் கிடைத்து, அதை வைத்தே ஸ்கைநெட் உருவாகப்போகிறது என்று முதலில் வட்டத்தை இன்னும் இறுக்கிக் காட்டியது. பிறகு சாராவும் ஜானும், இந்தத் தடவை அவர்களைக் காக்க வந்த அர்னால்டு இயந்திரமான டி-800-உம் சேர்ந்து அந்த சிப்பையும் கையையும் உருக்கிய இரும்பில் போட்டு அழிக்கிறார்கள். கடைசியில் டி-800 கேட்டுக்கொண்டபடி சாரா அதையும் அதில் இறக்கிவிடுகிறாள். ஸ்கைநெட்டின் அணுகுண்டுகளால் 1997 ஆகஸ்ட் 29-ல் வரவிருந்த பேரழிவு இனி வராது, விதியை நாமே எழுதலாம் என்பதுதான் அந்தப் படத்தின் உயிர். முதியவளான சாரா பூங்காவில் பேத்தியோடு உட்கார்ந்திருக்க, ஜான் செனட்டராகியிருக்கிறான் என்று ஒரு முடிவையும் கேமரூன் படம்பிடித்திருந்தார். அதை வெட்டிவிட்டு, இரவில் ஓடும் ரோட்டைக் காட்டி முடித்தார். ஆனால் எந்த முடிவை வைத்தாலும் கதை அங்கே முடிந்துவிட்டது. இது முக்கியம், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வென்றவர்களைத் தோற்கடித்தால்தான் அடுத்த படம்

ஸ்கைநெட் அழிந்துவிட்டது என்றால் டெர்மினேட்டர் எங்கிருந்து வரும்? அடுத்த படம் வேண்டுமென்றால் முந்தைய வெற்றியை எப்படியாவது ரத்து செய்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. ஒவ்வொரு படமும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்தது.

2003 படம், பேரழிவு தள்ளித்தான் போனது, தடுக்க முடியாது என்றது. சாரா ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டதாகச் சொல்லிக் கடந்துபோனது. ஆனால் கடைசியில் உண்மையாகவே குண்டுகள் விழுகின்றன, ஜான் நிலவறையில் உட்கார்ந்து ரேடியோவை எடுக்கிறான். பிந்தைய நான்கில் இந்த முடிவுக்கு மட்டும்தான் துணிச்சல் இருந்தது என்பேன். அதன்பின் சால்வேஷன் போரைக் காட்டியது. எதிர்காலப் போர் கனவில் துண்டு துண்டாக வரும்போது இருந்த பயம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பார்த்தபோது இல்லாமல் போனது.

ஜெனிசிஸ் இன்னும் ஒரு படி மேலே போய் ஜான் கானரையே இயந்திரமாக்கி வில்லனாக்கியது. அந்தத் திருப்பத்தை டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள். இயக்குநருக்கே அதில் வருத்தம் என்று பின்னர் பேட்டிகளில் வந்தது.

டார்க் ஃபேட் செய்தது என்ன? 1998, குவாத்தமாலா கடற்கரை. கணினி வரைகலையால் இளமையாக்கப்பட்ட சாரா, பக்கத்தில் இரண்டாம் பாகத்தில் பார்த்த அதே வயது ஜான். ஸ்கைநெட் அழிவதற்கு முன்பே அனுப்பிவைத்த இன்னொரு டி-800 நடந்து வருகிறது. ஜானைச் சுட்டுக் கொல்கிறது. திரும்பிப் போய்விடுகிறது. படம் ஆரம்பித்துச் சில நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு படங்களாக யாரைக் காப்பாற்ற இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்களோ அவன் செத்துக் கிடக்கிறான்.

அதிர்ச்சிக்காகக் கொல்வதில் தவறில்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஸ்கைநெட் போய்விட்டது, அதன் இடத்தில் 'லீஜியன்' என்று வேறொரு கணினி. ஜான் போய்விட்டான், அவன் இடத்தில் மெக்சிகோ சிட்டியில் டானி ராமோஸ் என்ற பெண். அவளைக் கொல்ல ரெவ்-9 என்ற இயந்திரம் வருகிறது, அவளைக் காப்பாற்ற எதிர்காலத்திலிருந்து கிரேஸ் என்ற போர்வீராங்கனை வருகிறாள். பெயர்ப் பலகை மாறியிருக்கிறது, கடை அதேதான். விதியை மாற்றலாம் என்று இரண்டாம் பாகம் சொன்னதற்கு, மாற்றினாலும் அதே விதி வேறு பெயரில் வரும் என்று இந்தப் படம் பதில் சொல்கிறது. சரி, அதுவே சொல்ல வந்த கருத்து என்றால் அதைப் பற்றி யாராவது படத்தில் யோசிக்க வேண்டும், உடைந்துபோக வேண்டும். சாராவிடம் ஓரளவு கோபம் இருக்கிறது. படம் அதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்த துரத்தலுக்கு ஓடிவிடுகிறது.

இது இந்த ஒரு வரிசையின் நோய் மட்டுமில்லை. கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986) படத்தில் ரிப்ளி உயிரைப் பணயம் வைத்து நியூட் என்ற சிறுமியை மீட்பாள். 1992-ல் 'ஏலியன் 3' ஆரம்பத்திலேயே அந்தச் சிறுமியைக் கொன்றுவிட்டது. முந்தைய படத்தை நேசித்தவர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. நம் பக்கம் 'எந்திரன்' (2010) எப்படி முடிந்தது? கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது, 2030-ல் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிறது. முழுமையான முடிவு. '2.0' (2018) அதே சிட்டியை மறுபடி பூட்டி எழுப்பியது. ரஜினிக்காகவும் 3டிக்காகவும் கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் சிட்டி தன்னைக் கழற்றிக்கொண்டபோது தொண்டை அடைத்ததே, அந்தக் காட்சியின் கனம் இரண்டாம் படத்துக்குப் பிறகு கொஞ்சம் குறைந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

உரிமை யார் கையில்?

ஏன் ஒரே கதையை நேராகத் தொடராமல் மூன்று தடவை மூன்றாம் பாகம் எடுக்க வேண்டும்? ரசனையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உரிமைப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

1. முதல் படத்தை இயக்க வாய்ப்புக் கிடைப்பதற்காகக் கேமரூன் தன் உரிமையைக் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார். நான்தான் இயக்குவேன் என்பது நிபந்தனை. பாதி உரிமை முதலீடு செய்த ஹெம்டேல் கம்பெனியிடம் இருந்தது.
2. இரண்டாம் பாகத்துக்காகக் கரோல்கோ கம்பெனி உரிமைகளை வாங்கியது. படம் ஓடியும் கரோல்கோ 1995-ல் திவாலானது.
3. கரோல்கோவை நடத்திய மரியோ கஸ்ஸாரும் ஆண்ட்ரூ வாஜ்னாவும் சேர்ந்து உரிமையைத் திரட்டி 2003 படத்தை எடுத்தார்கள்.
4. 2007-ல் ஹால்சியன் என்ற புதுக் கம்பெனி வாங்கியது. சால்வேஷன் வந்த அதே 2009-ல் அதுவும் திவால் மனு போட்டது.
5. 2010-ல் ஏலம். பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம் 2.95 கோடி டாலருக்கு எடுத்தது.
6. 2011-ல் மேகன் எலிசனின் அன்னபூர்ணா பிக்சர்ஸ். பிறகு ஸ்கைடான்ஸும் பாரமவுண்ட்டும் சேர்ந்து ஜெனிசிஸ்.

இதைக் கவனித்துப் பாருங்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் முந்தையவர் தோற்ற கதையைத் தொடர விரும்ப மாட்டார்கள். புதுசாக ஆரம்பிக்கிறோம், இது புது மூன்று படத் திட்டம் என்று சொல்லித்தான் பணம் திரட்ட முடியும். சால்வேஷனும் ஜெனிசிஸும் டார்க் ஃபேட்டும் தொடர் படங்களின் முதல் பாகமாகத்தான் திட்டமிடப்பட்டன. மூன்றுக்கும் இரண்டாம் பாகம் வரவில்லை. அதனால் பாதியில் தொங்கும் கேள்விகளுக்குப் பதில் வராமலே அடுத்த ஆரம்பம் வந்துவிடுகிறது. இந்தத் தடவை பார்ப்பதும் கணக்கில் சேராது என்று பார்வையாளர் பழகிப்போய்விட்டார். 2019-ல் பலித்தது இந்தப் பழக்கம்தான்.

26 கோடி டாலர் வசூல் எப்படி நஷ்டம்?

டார்க் ஃபேட் செலவு சுமார் 18.5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 26 கோடி. அப்படியானால் லாபம்தானே என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. வசூல் என்பது டிக்கெட் கவுன்டரில் விழுந்த மொத்தப் பணம். அதில் தியேட்டர்காரர்களின் பங்கு போனபிறகுதான் தயாரித்தவர்களுக்கு வரும். அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி, வெளிநாடுகளில் அதற்கும் குறைவு, சீனாவில் வெளிநாட்டுப் படத்துக்குக் கிடைப்பது 25 சதவீதம் அளவுதான். இதைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால் கைக்கு வந்தது 10, 11 கோடி டாலர் இருக்கும். செலவோ 18.5 கோடி, விளம்பரச் செலவு அதற்கு மேல் தனி. அதனால்தான் நஷ்டம் 10 கோடி டாலரைத் தாண்டும் என்று அப்போதே வர்த்தகப் பத்திரிகைகள் மதிப்பிட்டன.

முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஜெனிசிஸ் மோசமான விமர்சனம் வாங்கியும் 44 கோடி டாலர் வசூலித்தது, அதில் 11 கோடிக்கு மேல் சீனாவில் மட்டும். டார்க் ஃபேட்டுக்கு விமர்சனங்கள் அதைவிட நன்றாகவே இருந்தன. ஆனாலும் அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 2.9 கோடிதான். முதல் மூன்று நாளில் வராத கூட்டம் படம் மோசம் என்று தெரிந்து நின்ற கூட்டமில்லை, படத்தைப் பார்க்கவே தோன்றாத கூட்டம். ஜெனிசிஸ் உடைத்த நம்பிக்கைக்கு டார்க் ஃபேட் வட்டி கட்டியது.

பெங்களூரிலும் அந்தச் சமயத்தில் தியேட்டர் நிலைமை மாறியிருந்தது. பிரிகேட் ரோட்டில் ஆங்கிலப் படத்துக்கென்றே பேர்போன ரெக்ஸ் 2018 கடைசியில் மூடிவிட்டது. போகிற போக்கில் டிக்கெட் எடுத்து உட்காரும் பழக்கம் குறைந்து, மல்டிபிளெக்ஸ் விலையைப் பார்த்து யோசித்து முன்பதிவு செய்யும் காலம் வந்துவிட்டது. நாலு பேர் குடும்பமாகப் போனால் பாப்கார்னோடு சேர்த்து ஆகிற செலவுக்கு, முன்பு இரண்டு முறை ஏமாற்றிய தலைப்பை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

படத்தில் நல்லதே இல்லையா?

இருக்கிறது, அதனால்தான் வருத்தம் அதிகம். 60 வயதைத் தாண்டிய லிண்டா ஹாமில்டன் காரிலிருந்து இறங்கித் துப்பாக்கியைத் தூக்கும் காட்சியில் அவர் முகத்தில் இருபது வருஷத் தூக்கமின்மை தெரிகிறது. அதைவிட ஒரு சின்ன விஷயம். டானியும் அவள் தம்பி டியாகோவும் வேலை செய்வது ஒரு கார் தொழிற்சாலையில். ஆரம்பத்தில் அவர்கள் உள்ளே போகும்போது, தம்பியின் இடத்தில் ஒரு ரோபோ கை வேலை செய்துகொண்டிருக்கிறது. அவனுக்கு வேலை போய்விட்டது என்று தெரிகிறது. 1984-ல் அணு ஆயுதப் பயம் எப்படி மக்கள் வயிற்றில் இருந்ததோ, அப்படி இன்றைக்கு இருக்கிற பயம் இது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிற யாருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. படம் இங்கிருந்து வளர்ந்திருக்கலாம். ஆனால் சில நிமிடங்களில் ரெவ்-9 வந்துவிடுகிறது, அந்த இழை அங்கேயே அறுந்துபோகிறது.

இன்னொரு குறை இயந்திரத்தின் எடை சம்பந்தமானது. இரண்டாம் பாகத்தில் மனநல மருத்துவமனையின் கம்பிக் கதவை, திரவ உலோகத்தால் ஆன வில்லன் இயந்திரம் டி-1000 கடந்து போகும் காட்சி ஞாபகம் இருக்கும். உடம்பு திரவம்போல் கம்பிகளுக்கிடையே வழிந்து போய்விடும், கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் கெட்டியான உலோகமாதலால் கம்பியில் இடித்து நிற்கும், மணிக்கட்டைத் திருப்பி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு இடிப்பால் மொத்தத்தையும் நம்பிவிடுகிறோம். அன்றைக்குக் கணினி வரைகலை சில நிமிடங்கள்தான், மீதி ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மைகளும் ஒப்பனையும். எதையெல்லாம் காட்ட முடியாது என்ற எல்லை இருந்ததால் காட்டிய ஒவ்வொன்றையும் யோசித்துக் காட்டினார்கள். ரெவ்-9 எலும்புக்கூடாகவும் தோலாகவும் இரண்டாகப் பிரியும், நல்ல யோசனைதான். ஆனால் விமானத்திலும் அணையிலும் நடக்கிற சண்டைகளில் யாருக்கும் எடையே இல்லை, எங்கிருந்து விழுந்தாலும் எழுந்துவிடுகிறார்கள். வலிக்காத சண்டையில் பயம் எப்படி வரும்?

அர்னால்டு, ஹாமில்டன் இருவரையும் மையத்தில் வைத்ததால் இளைஞர்களுக்கு இது தாத்தா காலத்துப் படமாகத் தெரிந்துவிட்டது என்று கேமரூன் பின்னால் ஒத்துக்கொண்டார். ஓரளவு சரி. ஆனால் 2019-ல் இருபது வயதில் இருந்தவர்களை விலக்கியது நடிகர்களின் வயதைவிட, ஆறு படத்தையும் நாலு காலக்கோட்டையும் தெரிந்துகொண்டு வரச் சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

இனி என்ன ஆகும்?

இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, 1978-லோ அதற்குப் பிறகோ ஒரு படைப்பாளி தன் உரிமையை விற்றிருந்தால், 35 வருடம் கழித்து முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். சம்பளத்துக்கு வேலை செய்து எழுதியதற்கு இது பொருந்தாது. 1984 படத்துக்கு 35 வருடம் என்பது 2019. கேல் ஆன் ஹர்ட் தரப்பிலிருந்து இப்படி நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்தது. 'பிரிடேட்டர்' கதையை எழுதிய தாமஸ் சகோதரர்கள் இதே சட்டத்தை வைத்து டிஸ்னியோடு வழக்காடி, 2022-ல் சமரசமானார்கள்.

இதில் இரண்டு நுணுக்கம். திரும்பக் கிடைப்பது அமெரிக்காவுக்குள் உள்ள உரிமை மட்டும். வெளிநாட்டு உரிமை வாங்கியவரிடமே இருக்கும். அடுத்தது, ஏற்கெனவே எடுத்த படங்களை அவரவர் தொடர்ந்து ஓட்டலாம். அதாவது புதுப் படம் எடுக்க இரு தரப்பும் ஒரே மேஜைக்கு வந்தாக வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் ஸ்கைடான்ஸும் பாரமவுண்ட்டும் ஒரே கம்பெனியாகிவிட்டதால் ஒரு பக்கத்தில் பேச வேண்டிய ஆட்கள் குறைந்திருக்கிறார்கள்.

கேமரூன் அடுத்த படத்துக்கான கதையில் இருப்பதாகப் பேட்டிகளில் சொல்லிவருகிறார். பக்கத்து வரிசைகளில் ஏற்கெனவே ஒரு வழி தெரிகிறது. 'ப்ரே' (2022) பிரிடேட்டரை 1719-க்குக் கொண்டுபோய் கோமாஞ்சி இனப் பெண் ஒருத்தியின் கதையாக்கியது. 'ஏலியன்: ரோமுலஸ்' (2024) 1979, 1986 படங்களுக்கு நடுவே புது ஆட்களை வைத்து எடுக்கப்பட்டு, 8 கோடி டாலர் செலவில் 35 கோடி வசூலித்தது. இரண்டும் பழைய நாயகர்களின் வெற்றியை ரத்து செய்யவே இல்லை. சின்ன பட்ஜெட், புது முகங்கள், தனியாகப் பார்த்தாலும் புரிகிற கதை.

அதனால் புது டெர்மினேட்டர் அறிவிப்பு வரும்போது நடிகர் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: சாரா, ஜான் என்ற பெயர்கள் கதைச் சுருக்கத்தில் இருக்கின்றனவா, பட்ஜெட் 10 கோடி டாலருக்குக் கீழே இருக்கிறதா. முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்று வந்தால் நான் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுவேன்.